கியரை ஆட்டிக் காட்டு, மாமா

செங்கமலம் நிற்கிற மோட்டாருக்கு முன்னால் நடக்க மாட்டாள். ஓடுகிற வண்டிக்கு எல்லோரும்தான் ஒதுங்குவார்கள். அவள் ஒதுங்கியது நிற்கிற வண்டிக்கு. என்ஜின் அணைந்து, டிரைவர் இறங்கிக் காப்பிக் கடைக்குப் போய், மேலே காக்கை வந்து உட்கார்ந்திருந்தாலும், அவள் பின்புறமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். பெரம்பலூர்ச் சந்தைக்குக் கூட வருகிற பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மாடுன்னா பின்னால போனா ஒதைக்கும். மோட்டாரு முன்னால போனா முட்டுமாடி?"

"முட்டும்" என்பாள்.

அவளுடைய அண்ணன் அங்கமுத்து பெரம்பலூரில் ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். அந்தக் காலத்து வண்டிகளுக்கு முன்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அதில் வளைந்த இரும்புக் கம்பியைச் சொருகிச் சுழற்றினால்தான் என்ஜின் பிடிக்கும். ஹாண்டில் போடுவது என்பார்கள். ஒரு நாள் காலை டிரைவர் பஸ்ஸை ஒரு அரிசி மில்லின் மதிலைப் பார்க்கச் சரிவில் நிறுத்தியிருந்தான். ஹாண்ட் பிரேக்கை நம்ப முடியாததால், வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினான். அது தப்பில்லை. சரிவில் நிறுத்துகிற எந்த டிரைவரும் செய்வதுதான். ஆனால் திரும்பி வந்து ஏறியவன் கியரை எடுக்க மறந்துபோனான். "போடுடா" என்றான். அங்கமுத்து போட்டான். அன்றைக்கென்று என்ஜின் ஒரே சுழற்றில் பிடித்துக்கொண்டது. பஸ் நகர்ந்தது கொஞ்ச தூரம்தான். அவனுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடமும் அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போன செங்கமலம், வண்டியின் மூக்கின்மேல் அவன் குப்புறக் கவிழ்ந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தாள். தூங்குகிறான் என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அந்த டிரைவரின் பெயரைச் சொல்லி அவள் அம்மா தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். செங்கமலமும் தூற்றினாள். அவன் வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். அதற்குப் பிறகும் மழை பெய்யாவிட்டால், ஆடு செத்தால், அவனைத் திட்டுவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை ஒரு டிரைவருக்குக் கொடுத்தார்கள். அம்மாவின் கடைசித் தம்பி பூமாலை. முறை இருக்கிறது. மாமன் கேட்டு வந்து நிற்கும்போது, மோட்டார் ஓட்டுகிறவனுக்குத் தரமாட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? கூலிக்குப் போகிற சனங்களில் அவன் ஒருத்தன்தான் சட்டை போட்டுக்கொண்டு, குன்னத்துக்குக் கிழக்கே உள்ள ஊரில் பஞ்சநாதன் என்கிற பெரிய பண்ணைக்காரரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். செங்கமலத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏர் ஓட்டுகிற யாருக்காவது கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள்.

கல்யாணம் ஆன மூன்றாம் நாள் பூமாலை அவளைக் கார்க் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஏறி ஒக்காரு."

"மாட்டேன்."

"சரி, சன்னல் கிட்டயே நில்லு. இந்தா, இதப் பாரு."

தரையிலிருந்து முளைத்தது போல ஒரு கம்பி நின்றது. தலையில் கறுப்புக் குமிழ். அதைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினான். லொடலொடவென்று சத்தம் வந்தது.

"இதுதான் கியரு. இப்படி நடுவுல நின்னு ஆடுச்சுன்னா செக்குலேருந்து மாட்ட அவுத்துவுட்ட மாதிரி. மாடு பாட்டுக்கு நிக்கும், செக்குப் பாட்டுக்கு நிக்கும். ஒரு பக்கமா விழுந்து ஆடாம கெடந்துச்சுன்னா, மாட்டப் பூட்டியிருக்குன்னு அர்த்தம். என்ஜின் சுத்துனா சக்கரமும் சுத்தும்."

அவள் நெடுநேரம் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வண்டியில இத ஆட்டிப் பாக்கலியா?"

"பாக்கல."

"நீ பாப்பியா மாமா?"

"நான் ஆட்டாம ஹாண்டில தொட மாட்டேன்."

"அப்ப எனக்கு ஆட்டிக் காட்டு."

அப்படி ஆரம்பித்ததுதான். பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் அவர்கள் குடிசை. கார் வெளியே கிளம்புகிற நாளெல்லாம், உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சன்னல் ஓரம் நிற்பாள். அவன் ஆட்டிக் காட்டுவான். பிறகுதான் முன்னால் போய் ஹாண்டில் போடுவான். அவன் குனிந்து சுழற்றும்போது அவள் கியரையே பார்த்துக்கொண்டு நிற்பாள், அது தானாக நகர்ந்து விழுந்துவிடும் என்பது போல. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் இதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். "பூமாலை பொண்டாட்டி கப்பூர தீவாரண பாக்க வந்துட்டா, வண்டி கெளம்பப் போவுது."

பூமாலை நல்ல டிரைவர். வேகமாக ஓட்டுகிறவனை நல்ல டிரைவர் என்று சொல்கிற காலம் அது. அந்தக் கணக்கில் அவனை யாரும் சொல்லவில்லை. என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்து வைக்கிற கிளட்ச்சை அமுக்கினால் முழுக்க அமுக்குவான். கியர் விழுந்ததும் காலை எடுத்துக் கீழே வைத்துவிடுவான், அதன்மேல் பாதத்தைச் சாய்த்துக்கொண்டே போக மாட்டான். கையும் அப்படித்தான். மாற்றுகிற நேரம் போகக் கியர்க் குமிழின்மேல் கை இருக்காது. ஒரு கியரிலிருந்து கீழ்க் கியருக்கு வரும்போது கிளட்ச்சை அமுக்கி, விட்டு, என்ஜினுக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்து, திரும்ப அமுக்கி, பிறகு தள்ளுவான். பல் கடிக்கிற சத்தமே வராது. மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிடுவான், பாதி மேட்டில் தடவ மாட்டான்.

அரியலூரில் இன்னொரு பண்ணைக்கு ஓட்டிய வைரக்கண்ணு அவனைச் சும்மா விட மாட்டான். "ஏன் பூமாலை, வண்டி ஓட்டறியா, வண்டிக்குப் பத்தியம் வெக்கிறியா?"

"நீ ஓட்டறதுக்கு ஒன் வண்டி கடிச்சுக்கிட்டு அழுவுது. எனக்கு வூட்ல ஒருத்தி அழுவுறதே போதும்" என்பான் பூமாலை.

அது முழுக்கக் கேலி இல்லை. அவனுக்கும் பயம் இருந்தது. தான் கிளீனராக இருந்த காலத்தில் அங்கமுத்துவை அவன்தான் அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டான். அக்காள் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனால் அது அவன் கழுத்திலேயே இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வைரக்கண்ணு வண்டியைச் சாய்த்தால் மோட்டாரைக் குறை சொல்வார்கள். தான் சாய்த்தால், கூலிக்காரர் தெருவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் உட்கார வைத்ததே தப்பு என்பார்கள். செங்கமலம் இதையெல்லாம் யோசித்ததில்லை. அவன் கால் கிளட்ச்சிலிருந்து இறங்கித் தரையில் உட்காரும்போது அவள் மார்பில் ஏதோ ஒன்று இறங்கி உட்காரும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எல்லா மோட்டாருக்கும் பயந்தவள் இந்த ஒரு மோட்டாரை, இந்த ஒரு ஆளின் கைகாலை, நம்பிக்கொண்டு வாழ்ந்தாள்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் அளந்து கொடுத்தார்கள். இறக்கம் வந்தால் கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவது எல்லா டிரைவருக்கும் பழக்கமாயிற்று. பெட்ரோல் மிச்சமாம். பஞ்சநாதனும் அதைச் சொன்னார். அவர் காரில் இருக்கும்போது பூமாலை அப்படியே செய்தான். அவர் காரைவிட்டு இறங்கியதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டான். ஏறுவதற்கு என்ன கியரோ இறங்குவதற்கும் அதுதான் என்பது அவன் கணக்கு. கியரில்லாமல் உருளுகிற வண்டிக்குப் பிரேக் ஒன்றுதான் துணை. அந்தப் பிரேக்கோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது. பாட்டரி செத்தது. காலையில் ஹாண்டில் போட்டுக் கிளப்பினாலும், என்ஜின் சூடான பிறகு உள்ளேயிருந்தே பட்டனை அழுத்திக் கிளப்புகிற வசதி இருந்தது, அதுவும் போயிற்று. ஹாண்ட் பிரேக்கின் கம்பி வடம் இழை இழையாகப் பிரிந்தது.

"ஐயா, சமத் தரையிலயே நிக்க மாட்டேங்குது. மேட்டுல நிறுத்துனா பின்னால போவுது."

"சாமான் எங்கடா கெடைக்குது? யுத்தம் முடியட்டும்" என்றார் பஞ்சநாதன். பொல்லாதவர் இல்லை. ஹாண்ட் பிரேக் இல்லாமலும் இத்தனை நாள் ஓடியிருக்கிறதே என்று நினைக்கிறவர்.

செங்கமலத்துக்கு இது தெரிந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டது. கொட்டகையில் காரைக் கியரில் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அதாவது, தினமும் காலையில் மாடு பூட்டியபடியே நிற்கும். தினமும் யாராவது ஞாபகமாக அவிழ்க்க வேண்டும்.

அந்த ஐப்பசியில் பண்ணைக்காரர் மகள் சாந்தா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மூன்று நாள் விடாமல் பெய்து மழை நின்ற காலை, அவளுக்கு வலி கண்டது. ஊரில் பிரசவம் பார்க்கிற ஆண்டாயி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"தல வரல. புள்ள குறுக்க கெடக்கு. இது எங்கையில ஆவுற வேல இல்லம்மா. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போங்க. நின்னு பேசாதீங்க."

பஞ்சநாதன் காரை மகளுக்காக விட்டுவிட்டு உடையார்பாளையம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முடிவெடுக்க வேண்டியவள் அவர் மனைவி கமலவேணி. கார் என்றாள். பண்ணையாள் ஒருவன் முன்சீட்டில் ஏற வந்தபோது, "ஆம்பள எதுக்குடா? பொம்பளத் தொண வேணும். செங்கமலம், நீ ஏறு" என்றாள்.

செங்கமலம் சன்னல் ஓரம்தான் நின்றிருந்தாள்.

"ஆட்டிக் காட்டு, மாமா."

"அங்க என்னடி வேடிக்க? எம் மவ உசுரு போவுது, ஏறு."

பூமாலை ஆட்டினான். லொடலொடவென்றது. ஹாண்டில் போட்டான். அவள் காரின் பின்புறமாகச் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறினாள்.

பின்சீட்டில் சாந்தா அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். பருத்திக் காடுகள் இரண்டு பக்கமும் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தன. கரிசல் ஈரமாக இருந்தால் யாரும் காட்டில் கால் வைக்க மாட்டார்கள். கண்ணுக்கெட்டியவரை ஆள் இல்லை. அரியலூருக்குப் பாதி வழியில் ஒரு ஓடை. சாலை அதற்குள் இறங்கித் தண்ணீரைக் கடந்து எதிர்க் கரையில் ஏறும். மற்ற நாளில் செருப்பு நனையாது. அன்று செம்மண்ணும் கரிசலும் கலந்த தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பூமாலை மேலேயே நிறுத்தி ஒரு கணம் பார்த்தான். முதல் கியரில் போட்டான். அதே கியரில், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும், இறங்கினான். தண்ணீர் சக்கரத்தில் மோதிப் பக்கவாட்டில் விரிந்தது. செங்கமலம் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டாள். கடந்துவிட்டார்கள். முன்சக்கரம் எதிர்க் கரையைப் பிடித்தது. கார் பாதி மேடு ஏறியது. என்ஜின் இருமிற்று. மறுபடி இருமி, நின்றுபோயிற்று.

பூமாலை பிரேக்கை மிதித்தான். ஹாண்ட் பிரேக்கையும் இழுத்தான். அது கையோடு வந்தது. கார் ஒரு சாண் பின்னால் வழுக்கி நின்றது.

"என்னாச்சு?" என்றாள் கமலவேணி.

"தண்ணி தெறிச்சு உள்ள போயிருச்சும்மா. காஞ்சா புடிச்சுக்கும்." அவன் குரல் சாதாரணமாக இருந்தது. வலது கால் பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருப்பதைச் செங்கமலம் பார்த்தாள்.

அவளிடம் மெதுவாகச் சொன்னான்: "எறங்கி ரெண்டு கல்லு எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்ட குடு."

கொடுத்தாள். பெரிய கல்லாகவே தேடிக் கொடுத்தாள். அவன் காலைக் கொஞ்சம் தளர்த்தினான். கார் கல்லின்மேல் சாய்ந்தது. கல், களிக்குள் வெல்லக்கட்டி இறங்குவது போலக் கரிசலுக்குள் இறங்கியது. அவன் மறுபடி மிதித்தான்.

"கியர எடுத்தாத்தான் ஹாண்டில் போட முடியும். எடுத்துட்டு நான் கால எடுத்தா வண்டி ஓடையில போய் விழும். என்னால எறங்க முடியாது" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீதான் ஹாண்டில் போடணும்."

கமலவேணிக்குக் காதில் விழுந்தது. "அவளா? அவளுக்கு என்ன தெரியும்?"

"பாத்துருக்காம்மா. நெதம் பாத்துருக்கா."

சீட்டுக்கு அடியிலிருந்து ஹாண்டிலை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினான். "கட்டவெரல மடக்காத. நாலு வெரலோட சேத்து வெச்சுக்க. கீழேருந்து மேல இழு, மேலேருந்து கீழ அமுத்தாத. எகிறி அடிச்சா மணிக்கட்டு போயிடும். புடிச்சுக்கிட்டா ஒடனே பக்கவாட்டுல ஒதுங்கிடு."

இரும்பு கனத்தது. கிணற்றில் வாளி இழுக்கிற கை அவளுடையது. கனம் பெரிதில்லை.

"ஆட்டிக் காட்டு, மாமா."

அவன் கியரை எடுத்து நடுவில் கொண்டுவந்து ஆட்டினான். லொடலொடவென்றது. அவள் நடந்து காரின் முன்னால் போனாள். பெரம்பலூரில் கூழ்ச் சட்டியோடு நின்ற நாளுக்குப் பிறகு ஒரு வண்டியின் முகத்தை அவள் நேருக்கு நேராகப் பார்த்தது அப்போதுதான். இரண்டு விளக்கு. நடுவே சேறு தெறித்த மூக்கு. அவளுக்குப் பின்னால் மதில் இல்லை, ஏற்றம்தான். ஆனால் காலடியில் கரிசல். வழுக்கி விழுந்தால் மதிலும் அதுவும் ஒன்றுதான்.

ஓட்டையில் ஹாண்டிலைச் சொருகி இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். என்ஜினுக்குள் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த இழுப்பில் பிடித்தது. அவள் பக்கத்து முள்ளில் போய் விழுந்தாள். பூமாலை முதல் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டான். சக்கரம் சேற்றில் சுழன்றது. என்ஜின் செத்தது. கார் வழுக்கி, பிரேக்கில் நின்றது.

முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சன்னலுக்கு வந்தாள். ஆட்டிக் காட்டினான். முன்னால் போனாள். இழுத்தாள். இந்தத் தடவை கார் ஒரு வண்டி நீளம் ஏறியது. அவள் மனசுக்குள் காளியாத்தா என்றாள். சிறுவாச்சூரில் உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்றாள். என்ஜின் மறுபடி செத்தது. கார் பாதி தூரம் திரும்ப வழுக்கியது. ஓடைச் சத்தம் பக்கத்தில் கேட்டது.

அப்போது சாந்தா அலறினாள். அதுவரை முனகிக்கொண்டிருந்தவள். கமலவேணி சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"செங்கமலம், சுத்துடி. ஒங்கால்ல விழுறேன். போயிடுவா எம் மவ. சுத்து."

செங்கமலம் அதற்குள் காரின் முன்னால் ஓடி வந்திருந்தாள். ஹாண்டில் ஓட்டையிலேயே இருந்தது. குனிந்து பிடித்தாள்.

"சுத்து புள்ள" என்று பூமாலை கத்தினான்.

கை இழுக்கத் தயாராக இருந்தது. காதுதான் நிறுத்திற்று. முந்தின இரண்டு தடவையும் அந்த லொடலொடச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவன் குரல் மட்டும் வந்தது.

"ஆட்டிக் காட்டு, மாமா."

"ஆட்டியாச்சு. சுத்து."

"கேக்கல."

"ஆட்டியாச்சுடி, சுத்து."

"ஏ செங்கமலம்" என்று கமலவேணி உள்ளேயிருந்து அழுதாள். "இப்பவாடி ஒன் வேடிக்க."

செங்கமலம் கையை எடுத்தாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்துச் சன்னலுக்கு வந்தாள்.

கியர் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தது.

அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். பிறகுதான் குனிந்து அதைப் பார்த்தான். அவனுடைய இரண்டு காலும் பிரேக்கின்மேல் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. கிளட்ச்சில் கால் இல்லை. மாடு பூட்டியே இருந்தது. கியரை இழுத்து நடுவில் கொண்டுவந்து ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் கை நிற்கிற மாதிரி தெரியவில்லை. செங்கமலம் சன்னல் வழியாகக் கையை விட்டுக் குமிழின்மேல் வைத்தாள்.

"போதும். எடது கால எடுத்துக் கிளட்ச்சுமேல வையி. முழுக்க அமுக்கு. நான் ஒதுங்குற வரைக்கும் எடுக்காத."

அவன் வைத்தான். கமலவேணிக்கு எதுவும் புரியவில்லை. மகளின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செங்கமலம் உடனே நகரவில்லை. சன்னலிலிருந்து காரின் மூக்கு வரைக்கும் உள்ள அந்தச் சின்னத் தூரம், இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்த பிறகு, முன்பு நடந்த தூரம் இல்லை. பின்சீட்டில் சாந்தாவின் பாதம் தெரிந்தது. நலங்கு வைத்த மருதாணி இன்னும் அழியவில்லை. அந்தப் பாதம் விறைத்து, தளர்ந்து, மறுபடி விறைத்தது. செங்கமலம் போனாள்.

என்ஜின் பிடித்தது. அவள் ஒதுங்கினாள். பூமாலை அவசரப்படவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் வேகம் கொடுக்கிற சிறு பிடி ஒன்று உண்டு. அதைத் தூக்கிவிட்டு என்ஜினைச் சீராக ஓடவிட்டான். பிறகு முதல் கியர். கிளட்ச்சை நூல் பிரிக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். சக்கரம் கவ்வியது. பிரேக்கிலிருந்து கால் எழுந்தது. கார் ஏறியது. நிற்காமல் ஏறியது. மேட்டுக்கு மேலே சமத் தரைக்குப் போனபிறகுதான் நின்றது, என்ஜின் ஓடியபடியே. அவள் ஹாண்டிலைச் சுமந்துகொண்டு நடந்து வந்து, பின்புறமாகச் சுற்றி ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் திருப்பி எடுத்தார்கள். பெண். கொஞ்ச நேரம் அழாமல் இருந்து பயமுறுத்திவிட்டு அழுதது. சாந்தாவுக்கு ரத்தம் நிறையப் போயிற்று. பிழைத்துக்கொண்டாள்.

குடிசையில் பூமாலை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கஞ்சியை முன்னால் வைத்தபோது சொன்னான்: "எப்படி மறந்தேன்னே தெரியல. ஆட்டுன மாதிரியே இருந்துச்சு. சத்தங்கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"அண்ணன் வண்டி டிரைவருக்கும் அப்படித்தான் இருந்துருக்கும்" என்றாள் செங்கமலம்.

அவன் கஞ்சியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான். குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. அந்த ஆளை இத்தனை வருஷம் சதிகாரன் என்று நினைத்துத் திட்டியதில் ஒரு ஆறுதல் இருந்தது. அவன் கெட்டவன், மாமா நல்லவன், அதனால் ஆபத்தில்லை. இப்போது அப்படி இல்லை. நல்லவனும் மறப்பான். அதற்குப் பிறகு அவள் அந்த ஆளைத் திட்டவில்லை. ஆனால் பயம் கூடிற்று. எல்லா மோட்டாரும் இப்போது ஒன்றாகிவிட்டன. காலையில் கியரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும், கார் தெருமுனை திரும்பிச் சத்தம் மறைகிற வரைக்கும் அடுப்பங்கரைக்குத் திரும்ப மாட்டாள்.

சாந்தாவும் குழந்தையும் வீட்டுக்கு வந்து தீட்டுக் கழித்த அன்று, கமலவேணி எல்லோருக்கும் துணி கொடுத்தாள். செங்கமலத்தைக் கொல்லை வாசலுக்குக் கூப்பிட்டாள். பஞ்சநாதன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீ அன்னைக்கு இல்லன்னா எம் மவ இல்ல. சேல எடுத்து வெச்சிருக்கேன். இன்னும் என்ன வேணும், கேளு."

செங்கமலம் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேளுடி, கூச்சப்படாத."

"ஹாண்ட் பிரேக்கு" என்றாள்.

பஞ்சநாதன் சிரித்தார். உள்ளே நின்ற பெண்களும் சிரித்தார்கள். "சேல வேணாம், தோடு வேணாம், பிரேக்கு கேக்கறா பாருங்க." கமலவேணி சிரிக்கவில்லை. சேற்றில் கார் பின்னால் வழுக்கியபோது உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவள். "போட்டுக் குடுங்க" என்றாள் கணவரிடம். "யுத்தம் முடியட்டும்னு சொல்லாதீங்க."

கார் திருச்சிக்குப் போய் வந்தது. எங்கோ உடைத்துப் போட்ட லாரியிலிருந்து வடத்தைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். திரும்பி வந்த மறுநாள், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோகிற வேலை ஒன்று பூமாலைக்கு இருந்தது. செங்கமலத்தையும் வா என்றான். வந்தாள்.

ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது. எதிர்க் கரையில், அன்று நின்ற அதே பாதி மேட்டில், அவன் காரை நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். ஹாண்ட் பிரேக்கை இழுத்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தான். கார் நகரவில்லை. அவன் கதவைத் திறந்து இறங்கினான். அவளும் இறங்கிப் பின்புறமாகச் சுற்றி வந்தாள். இருவரும் சாலையோரம் ஒதுங்கி நின்றார்கள். ஆள் இல்லாத கார் மேட்டில் தானாக நின்றுகொண்டிருந்தது. கீழே ஓடை மணலில் நாரை ஒன்று நடந்தது.

"நிக்குது பாத்தியா" என்றான் பூமாலை.

"நிக்குது."

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அவன் பீடி ஒன்று எடுத்தான். பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"கியரு பூட்டியிருக்கா?" என்றாள் செங்கமலம்.

அவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு காருக்குப் போனான். கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி ஆட்டினான். லொடலொடவென்றது.